எதற்குத் தூய்மையான தண்ணீர்?



மத்ரஸாவில் ஃபிக்ஹுப் பாடம் தொடங்கும்போது மாணவர்கள் முதலில் திறக்கும் பக்கம் தண்ணீரைப் பற்றியதாகவே இருக்கும். மழைத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர், கடல் தண்ணீர் என்று வகை பிரித்து, நிறம், மணம், சுவை ஆகிய மூன்றையும் கொண்டு அதன் நிலையை அறியச் சொல்லிக் கொடுப்போம். இருபது ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்தி வருகிறேன். தண்ணீரின் தூய்மையைப் பற்றி என்னிடம் யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லிவிடலாம் என்ற எண்ணம் என்னை அறியாமலே எனக்குள் குடியேறியிருந்தது. ஒரு கண்ணாடித் தொட்டியும் அதிலிருந்த ஒரு சிறிய கடலுயிரும் அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்ட செய்தியைத்தான் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

என் தங்கை நாகர்கோவிலில் வசிக்கிறாள். அவளுடைய மூத்த மகன் கல்லூரியில் படிக்கிறான். நண்பர்களோடு ஒருமுறை மாவட்ட எல்லையைத் தாண்டி விழிஞ்ஞத்துக்குப் போனவன், அங்கே மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் நடத்தும் மீன் காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்தான். ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் அவன் மனத்தைப் பறித்துவிட்டன. அந்த மீன்களைக் கடலிலிருந்து பிடிக்காமல் கூடத்திலேயே முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை இந்த ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் வகுத்திருக்கிறார்கள் என்பதை அறிந்ததும், தானும் வளர்க்கலாம் என்று ஆசை கொண்டான். தன் கைச்செலவுப் பணத்தைச் சேர்த்து நூறு லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்றை வாங்கினான். இரண்டு கோமாளி மீன்களும், பூவைப் போல விரிந்து சுருங்கும் அனிமோன் என்ற கடலுயிர் ஒன்றும் அதில் குடிவந்தன.

பவளப் பாறைத் துண்டுகளும் வேண்டும் என்று அவன் தேடியபோது மட்டும் நான் தடுத்துவிட்டேன். உயிருள்ள பவளங்களையும், கடற்குதிரை, கடல் அட்டை போன்றவற்றையும் 2001ஆம் ஆண்டிலேயே வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். யாராவது இரகசியமாக விற்றாலும் வாங்குவது குற்றம். நம் வீட்டு அழகுக்காகக் கடலின் வீட்டை உடைக்கலாகாது.

இந்தச் சமயத்தில்தான் மருமகன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். “மாமா, தொட்டியில் குறைகிற அளவுக்குத் தினமும் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். வீட்டுக்கு வருகிற கேன் தண்ணீரை ஊற்றலாமா? அது சுத்தமானதுதானே?”

நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. “மனிதன் குடிக்கிற தண்ணீரைவிடச் சுத்தமானது வேறு என்ன இருக்கிறது மக்களே? தாராளமாக ஊற்று” என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பதிலின் விலை எட்டு மாதங்களுக்குப் பிறகு தெரிந்தது.

கடல் அருகிருக்க நல்ல தண்ணீர் எதற்கு?

வாசகர்களில் பலருக்கு ஓர் ஐயம் எழக்கூடும். மூன்று கடல்கள் சூழ்ந்த குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு கடல் மீனுக்குக் கேன் தண்ணீர் எதற்கு? ஒரு குடம் கடல் தண்ணீர் எடுத்து வந்தால் போதாதா?

தொட்டியை முதலில் நிரப்புவதற்குக் கடல் தண்ணீரே போதும். துறைமுகத்தின் டீசல் எண்ணெயும் ஊர்ச் சாக்கடையும் கலக்காத இடத்தில், பழையாறு கடலில் சேரும் மணக்குடி போன்ற கழிமுகங்களுக்கு அப்பால், தெளிந்த நாளில் எடுத்து வந்து வடிகட்டிப் பயன்படுத்தலாம். என் மருமகனும் அப்படித்தான் செய்தான். ஆனால் கடல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க முடியாது. இதற்கான காரணத்தைப் புத்தளம், சாமித்தோப்புப் பக்கம் பேருந்தில் போகிற எவரும் சன்னல் வழியாகவே பார்க்கலாம். உப்பளத்தில் பாத்தி கட்டி நீரைத் தேக்குகிறார்கள். வெயில் தண்ணீரை மட்டும் கொண்டுபோகிறது, உப்பை விட்டுவிடுகிறது. மீன் தொட்டியும் ஒரு சிறிய உப்பளமே. நம் ஊர் வெப்பத்தில் நூறு லிட்டர்த் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆவியாகப் போய்விடுகிறது. போனது வெறும் தண்ணீர். அந்த இடத்தில் கடல் தண்ணீரை ஊற்றினால் உப்பு நாளுக்கு நாள் ஏறும். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அந்த அளவு மிகுந்தாலும் குறைந்தாலும் அதில் வாழும் உயிர்கள் தாங்கா. ஆகவே போன தண்ணீருக்கு ஈடாக ஒன்றும் கரையாத வெறும் தண்ணீரையே ஊற்ற வேண்டும்.

இங்கேதான் நுட்பம் இருக்கிறது. ஊற்றுகிற தண்ணீரில் எது கரைந்திருந்தாலும் அது தொட்டியை விட்டுத் தானாகப் போகாது. தண்ணீர் மட்டும் ஆவியாகும், கரைந்தது தங்கும். நாளை ஊற்றும் தண்ணீரில் வருவது அதனோடு சேரும். ஒரு நாளைக்கு ஒன்றுமில்லை என்று தோன்றுவது, ஓராண்டில் 365 மடங்காகிவிடும்.

பழி தேடிய நாட்கள்

தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட மாதம் அது. கடல் கொந்தளித்துக் கலங்கியிருந்ததால் புதிய கடல் தண்ணீர் எடுத்து வந்து தொட்டியின் ஒரு பகுதியை மாற்றும் வேலையை மருமகன் நிறுத்தி வைத்திருந்தான். கண்ணாடியில் பழுப்பு நிறத்தில் ஒரு படலம் படர்ந்தது. துடைத்தால் மறுநாளே வந்தது. அனிமோன் விரிவதைக் குறைத்துக்கொண்டது. பத்து நாட்களில் கசக்கிப் போட்ட துணியைப் போலச் சுருங்கிச் செத்துவிட்டது. கோமாளி மீன்கள் இரண்டும் அது இருந்த மூலையையே சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்து என் தங்கை அழுதுவிட்டாள்.

மருமகனுக்குக் கோபம். தனக்கு நோயுற்ற உயிரைத் தலையில் கட்டிவிட்டதாக மீன் கடைக்காரர் மீது பழி போட்டான். தன் நண்பர்கள் எல்லாரிடமும் அவ்வாறே சொன்னான். அந்தக் கடைக்குப் போக வேண்டாம் என்று நான்கைந்து பேரைத் தடுத்தும் விட்டான். கடை நடத்துகிறவரும் பிள்ளைகுட்டிக்காரர். சிறிய முதலில் தொழில் செய்கிறவர். நானும் விசாரியாமல், “இக்காலத்து வியாபாரமே அப்படித்தான்” என்று தலையாட்டினேன்.

கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னபோது அவர் கேட்ட முதற்கேள்வி, “என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்?” என்பது. “சுத்தமான தண்ணீர்” என்றேன். “எதற்குச் சுத்தமானது?” என்று திருப்பிக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

பேனா சொன்ன சாட்சியம்

மறுநாள் அவர் சட்டைப் பையில் பேனாவைப் போன்ற ஒரு கருவியைச் செருகிக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்தார். டி.டி.எஸ். மீட்டர் என்று அதைச் சொல்கிறார்கள். தண்ணீரில் கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும். தூய தண்ணீர் மின்சாரத்தை மிகமிகக் குறைவாகவே கடத்தும். உப்புகள் கரையக் கரையக் கடத்தும் திறன் கூடும். கருவி அளப்பது இந்தக் கடத்தும் திறனைத்தான். அதைக் கணக்கிட்டு எண்ணாகக் காட்டுகிறது.

முதலில் கருவியையே சோதித்தார். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரைக் கடையில் வாங்கி வந்து, கண்ணாடிக் குவளையை அதே தண்ணீரால் இரண்டு முறை அலம்பி, பிறகு நிரப்பிப் பேனாவை முக்கினார். 1 என்று காட்டியது. “கருவி பொய் சொல்லவில்லை. சாட்சி சொல்ல வருகிறவர் நம்பத் தகுந்தவரா என்று பார்த்த பிறகுதானே சாட்சியத்தைக் கேட்பீர்கள்?” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். இன்னும் துல்லியம் வேண்டுமானால் 342 என்று அளவு குறித்து விற்கும் உப்புக் கரைசலில் முக்கிச் சரிபார்க்கலாம் என்றும் சொன்னார்.

அடுத்துக் குவளையைக் கேன் தண்ணீரால் அலம்பி நிரப்பினார். 168 என்று காட்டியது.

என் தங்கை பதறிவிட்டாள். “அப்படியானால் இவ்வளவு நாளும் நாங்கள் அசுத்தத்தையா குடித்தோம் காக்கா?” என்றாள். நண்பர் கையமர்த்தினார். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. அடைத்து விற்கும் குடிநீருக்கும் மேல்வரம்பு 500 தான். 168 என்பது குடிப்பதற்கு நல்ல அளவு. கரைந்திருப்பவற்றில் கால்சியம், மக்னீசியம் போன்று உடலுக்கு வேண்டியவையும் உண்டு. தொட்டிக்கு மட்டுமே அது பொருந்தாது.

பிறகு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். மீன் வளர்ப்போர் பயன்படுத்தும் சோதனைத் திரவங்களை அவர் கொண்டு வந்திருந்தார். கேன் தண்ணீரில் நைட்ரேட் லிட்டருக்கு ஏறக்குறைய 20 மில்லிகிராம் இருந்தது. குடிநீரில் 45 வரை இருக்கலாம். ஆகவே அதுவும் குற்றமில்லை. ஆனால் நாளுக்கு ஒரு லிட்டர் வீதம் எட்டு மாதம், அதாவது 240 லிட்டர். அதில் வந்த நைட்ரேட் 4,800 மில்லிகிராம். அத்தனையும் நூறு லிட்டர்த் தொட்டியில் தங்கினால் லிட்டருக்கு 48. தொட்டித் தண்ணீரைச் சோதித்தபோது 50ஐத் தாண்டியே இருந்தது. மீன்கள் ஓரளவு தாங்கும். அனிமோன் போன்ற மெல்லுயிர்களுக்கு அது கடினம். கண்ணாடியில் படர்ந்த பழுப்புப் படலமும் தண்ணீரில் வந்த சிலிக்கேட்டைத் தின்று பெருகும் நுண்பாசி என்றார்.

“ஆனால் கேன் தண்ணீர் ஒன்றே கொன்றது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்” என்றும் நண்பர் சேர்த்துக்கொண்டார். தேவைக்கு மேல் இரை போட்டதும், மழைக்காலத்தில் தண்ணீர் மாற்றாததும் கூட்டாளிகள். மீன் கடைக்காரருக்கு இதில் பங்கிருப்பதாகக் காட்ட ஒன்றும் கிடைக்கவில்லை.

வடிகட்டுகிற இடத்தில்

கேன் தண்ணீர்க்காரர் ஏமாற்றிவிட்டார் என்று மருமகன் உடனே அடுத்த பழியைத் தூக்கினான். இந்த முறை நான் விடவில்லை. “முதலில் போய்க் கேட்போம்” என்று அவனை அழைத்துக்கொண்டு தண்ணீர் அடைக்கும் இடத்துக்கே போனேன். உரிமையாளர் எங்களை அன்போடு வரவேற்று, உள்ளே அழைத்துச் சென்று காட்டினார்.

ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் முதலில் மணலிலும் கரியிலும் வடிகிறது. பிறகு ஆர்.ஓ. எனப்படும் சவ்வுக் குழாய்களுக்குள் பெரும் அழுத்தத்தோடு தள்ளப்படுகிறது. தண்ணீர் மட்டும் புகும், உப்புகள் பெரும்பாலும் புகாத இந்தச் சவ்வை 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய இருவரில் ஒருவர் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன். மற்றவர் சிட்னி லோப். 1965இல் கோலிங்கா என்ற சிற்றூரில் அந்த முறையில் முதன்முதலாக ஊர் மக்களுக்குக் குடிநீர் வழங்கினார்கள். இன்று நம் அடுக்களைச் சுவரில் தொங்கும் பெட்டி வரை அது வந்து சேர்ந்திருக்கிறது.

சவ்விலிருந்து வந்த தண்ணீரைக் குழாயிலேயே பிடித்துப் பேனாவை முக்கினோம். 11 காட்டியது. “அப்படியானால் கேனில் 168 எப்படி?” என்று மருமகன் கேட்டான். உரிமையாளர் மறைக்கவில்லை. “குடிக்கிறவர்களுக்கு இந்த 11 சப்பென்று இருக்கும் தம்பி. உடம்புக்கும் தாது உப்பு வேண்டும். அதனால் இதற்குப் பிறகு அளவாக உப்பு சேர்க்கிறோம். கோடையில் கிணறு இறங்கினால் எண் மாறும். சவ்வு பழையதானாலும் மாறும். நான் விற்பது குடிதண்ணீர். மீனுக்கு என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை” என்றார்.

நியாயம்தானே? அவர் குடிநீர் என்று சொல்லி விற்றார். அது குடிநீராகவே இருந்தது. ஒன்றும் கரையாத தண்ணீர் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னவன் நான்.

இப்போது மருமகன் உப்பு சேர்க்கும் கட்டத்துக்கு முந்திய குழாயிலிருந்து தன் கேனைத் தனியே நிரப்பி வருகிறான். உரிமையாளரே அதற்கு இசைந்தார். வீட்டில் பிசின் மணிகள் நிறைந்த ஒரு சிறு குழல் வழியாக அதை மீண்டும் வடிக்கிறான். சவ்வைத் தப்பி வந்த மிச்ச உப்புகளை அந்த மணிகள் பிடித்துக்கொள்கின்றன. அதன்பின் பேனா 0 காட்டுகிறது. ஒவ்வொரு முறையும் அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைக்கிறான். 0 என்பது 2, 3 என்று ஏறத் தொடங்கினால் மணிகள் தீர்ந்துவிட்டன என்று பொருள். ஒரே இடத்துக் கேனாக இருந்தாலும் சென்ற வாரத்து எண்ணை நம்பி இந்த வாரம் ஊற்றுவதில்லை.

பேனாவுக்குத் தெரியாதவை

இதைப் படித்துவிட்டு எல்லாரும் ஆளுக்கொரு பேனா வாங்கி, அது காட்டும் எண்ணையே தீர்ப்பாகக் கொண்டுவிடக்கூடாது என்பதற்காகச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

பேனா எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்லும். என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. 168இல் நன்மை தரும் கால்சியமும் இருக்கலாம். தீமை தரும் உலோகமும் ஒரு துளி இருக்கலாம். செம்பை எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. கடல் மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்குச் செம்பை மருந்தாக இடுவோர் ஏறக்குறைய 0.2 மில்லிகிராமோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தச் சிற்றளவே அனிமோன், இறால், நத்தை போன்றவற்றுக்கு நஞ்சு. நம் உம்மாமார் செம்புக் குடத்தில் தண்ணீர் வைத்துக் குடித்தார்கள். அந்தக் குடத்துத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினால் அது பெரிய கேடு.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்துப் பயன்படுத்துவோரும் உண்டு. பேனாவை முக்கினால் சிறிய எண்ணே காட்டும். ஆனால் அது செம்புக் குழாய்களின் மேலும் பல மாதத்துத் தூசியின் மேலும் வழிந்து வந்த தண்ணீர். எண் சிறியது என்பதால் மட்டும் அதை நம்பலாகாது.

மின்சாரத்தைக் கடத்தாதவை பேனாவின் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. நோய்க் கிருமிகளும் பூச்சிமருந்துகளும் அவ்வகையைச் சேர்ந்தவை. 2003ஆம் ஆண்டு பிப்ரவரியில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், கடைகளில் விற்ற புட்டித் தண்ணீரில் பூச்சிமருந்தின் எச்சம் இருப்பதை ஆய்வகத்தில் கண்டு வெளியிட்டபோது நாடே அதிர்ந்தது. அதன் பிறகுதான் அரசு அதற்கான வரம்புகளைக் கடுமையாக்கியது. அந்தப் புட்டிகளில் பேனாவை முக்கியிருந்தால் அது வாய் திறந்திருக்காது.

“காய்ச்சி ஆறவைத்து ஊற்றினால் போதாதா காக்கா?” என்று என் தங்கை கேட்டாள். பல வீடுகளிலும் இந்த எண்ணம் இருக்கிறது. காய்ச்சினால் கிருமி சாகும். குடிப்பதற்கு அது பெரும் பாதுகாப்பு. ஆனால் கரைந்த நைட்ரேட்டும் செம்பும் கொதியில் போவதில்லை. பாத்திரத்தில் தண்ணீர் சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு கூடவே செய்யும். அடுப்பில் வைத்த பாத்திரமும் உப்பளப் பாத்திதான்.

வீட்டுக் கேனுக்குச் சில சொற்கள்

மீன் வளர்க்காத வாசகர்களும் கேன் தண்ணீர் வாங்குகிறீர்கள். குடும்பத்துக்காகப் பார்க்க வேண்டியவை வேறு. மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா? தண்ணீர் அடைத்த நாளும், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் கேனில் அச்சாகியிருக்கின்றனவா? கேனின் உட்புறத்தில் பாசியோ கீறலோ தெரிகிறதா? வெயிலில் கிடந்ததா? இவற்றைக் கவனியுங்கள். அடைத்த குடிநீருக்கு 2001 முதல் கட்டாயமாக இருந்த ஐ.எஸ்.ஐ. முத்திரை விதியை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் நீக்கியது. அவ்வாண்டின் இறுதியிலேயே அடைத்த குடிநீரை மிகுந்த கவனத்துக்குரிய உணவு வகையில் சேர்த்து, அடிக்கடி ஆய்வு செய்ய வழி செய்தது. முத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம் கண்களுக்கு விடுமுறை இல்லை.

ஐயம் தோன்றினால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன. கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். கிருமிச் சோதனைக்கு என்றால், எப்படிப்பட்ட புட்டியில் எவ்வாறு பிடிக்க வேண்டும் என்று முன்னதாகக் கேட்டுக்கொண்டு செல்லுங்கள். அழுக்குப் புட்டியில் கொண்டுபோனால் புட்டியின் அழுக்கே சோதனைக்கு உள்ளாகும். இன்னொன்று: குடிக்கிற தண்ணீரில் பேனா 0 காட்ட வேண்டும் என்று யாரும் ஆசைப்பட வேண்டாம். மீனுக்குச் சொன்ன சட்டத்தை மனிதனுக்குப் போடுவதும் நான் செய்த பிழையின் மறுபக்கமே.

எதற்கு என்ற கேள்வி

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மருமகனை அழைத்துக்கொண்டு அந்த மீன் கடைக்குப் போனேன். அவன் தயங்கித் தயங்கி வந்தான். கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னான். தான் பழி சொன்ன நண்பர்களின் எண்ணிக்கையையும் சொல்லி, அவர்கள் ஒவ்வொருவரிடமும் தன் சொல்லைத் திரும்பப் பெற்றுவிட்டதாகவும் சொல்லி மன்னிப்புக் கேட்டான். கடைக்காரர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “என் மீதும் குறை உண்டு தம்பி. விற்ற அன்றைக்கே என்ன தண்ணீர் ஊற்றப் போகிறாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை” என்றார்.

திரும்பி வரும்போது என் மனம் என்னையே சுட்டது. அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டான். கடைக்காரர் தம் குறையை ஒப்புக்கொண்டார். தண்ணீர் விற்றவர் மறைக்காமல் எல்லாவற்றையும் காட்டினார். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னவன் நான் ஒருவன்தானே மிச்சம்? கடல் தண்ணீரில் ஒளுச் செய்யலாம் என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லிக் கொடுக்கிறேன். லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைந்த அந்தத் தண்ணீர் ஒளுவுக்குத் தூயது, குடிக்க உதவாது. கேன் தண்ணீர் ஒளுவுக்கும் தூயது, குடிக்கவும் நல்லது, தொட்டிக்கு ஆகாது. பேட்டரித் தண்ணீரில் பேனா 1 காட்டுகிறது. அதைக் குழந்தைக்குக் குடிக்கக் கொடுக்க மாட்டோம். தூய்மை என்ற ஒரே சொல் இடத்துக்கு இடம் வேறு பொருள் கொள்கிறது என்பது என் பாடப் புத்தகத்தின் முதற்பக்கத்திலேயே எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய செய்தி. “எதற்கு?” என்று ஒரு சொல் கேட்டிருந்தால் போதும், எனக்கு அது தெரியாத துறை என்பதும் விளங்கியிருக்கும், தெரிந்தவரிடம் அனுப்பியும் இருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் மருமகனிடம் இதைச் சொன்னேன். “விடுங்கள் மாமா” என்றான். “விடக்கூடாது மக்களே. என்னை நம்பித்தானே ஊற்றினாய்?” என்றேன். அவன் வளர்க்கிற உயிர் அவனிடம் அமானிதம். அவன் கேட்ட கேள்வி என்னிடம் அமானிதம். அவன் எட்டு மாதம் அக்கறையோடு ஊற்றினான். நான்தான் ஒரு நொடியில் பதில் சொல்லிவிட்டேன்.

கோமாளி மீன்கள் இரண்டும் நலமாக இருக்கின்றன. இன்னோர் அனிமோன் வாங்கலாமா என்று கடைக்காரர் கேட்டபோது, தொட்டியின் நைட்ரேட் குறைந்து மூன்று மாதம் நிலையாக நிற்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று மருமகன் சொல்லிவிட்டான். மத்ரஸாவில் தண்ணீர்ப் பாடம் இவ்வாண்டும் தொடங்கிவிட்டது. சென்ற வாரம் ஒரு சிறுவன் எழுந்து, “உஸ்தாதே, எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் நல்லதா?” என்று கேட்டான். “எதற்கு?” என்று கேட்டேன். “ஆட்டுக்குட்டிக்கு” என்றான். கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.